கள்ளுக்கும் ஸ்ஸுக்கும் நடுவில் ஓர் அச்சகம்

சேத்துப்பட்டு என்றதும் பலருக்குச் சென்னை நினைவுக்கு வரும். நான் சொல்வது ஆரணிக்குத் தெற்கே, வந்தவாசிக்கும் போளூருக்கும் போகும் சாலையில் இருக்கும் சேத்துப்பட்டு. இங்கே நான் அச்சகம் வைத்திருக்கிறேன். எண்பதுகளில் கம்போசிட்டராகத் தொழிலுக்கு வந்தவன். ஈய எழுத்தும் டிரெடில் மெஷினும் போய், டிடிபியும் ஆஃப்செட்டும் வந்து, இப்போது பாதி வேலை செல்போனிலேயே முடிகிறது. வேலை கொடுப்பவர்கள் மட்டும் மாறவில்லை. நெசவாளர் சங்கங்களின் பாஸ் புத்தகமும் ஆண்டறிக்கையும், பட்டுக் கடைகளின் பில் புக்கும் பிட் நோட்டீஸும், லூர்து அன்னை ஆலயத் திருவிழா அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை. இவைதான் என் பிழைப்பு.

இந்தத் தொழிலில் எழுத்துப் பிழையைவிட அதிகமாக என்னை உட்கார்த்தி வைத்த விஷயம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்த சொல் ஒன்றுக்கு மேற்பட்டதைக் குறிக்கும்போது அதை எப்படி முடிப்பது? டிசைன் என்று விடுவதா, டிசைன்கள் என்று போடுவதா, டிசைன்ஸா? எந்த இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினாலும் பதில் முழுசாகக் கிடைக்காது. பதில் ஊரில் இருந்தது. யார் எண்ணுகிறார்கள், யாருக்காக எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறியது.

முதலில் என் அச்சகத்துக்குள் இருந்தே தொடங்குகிறேன். எங்கள் தொழிலே இரவல் சொற்களால் ஆனது. கேஸ், ஸ்டிக், கேலி, லெட், பிளாக், புரூஃப், ரீம், ஃபாரம். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். புத்தகம் அச்சடிக்க வருகிறவரிடம் முதல் கேள்வி, ‘எத்தனை ஃபாரம் வரும்?’ அவர் ‘பத்து ஃபாரம்’ என்பார். பேச்சில் அந்த இடத்தில் கள் வராது. ஆனால் எழுதிக் கொடுக்கும் ரசீதில் ‘அச்சிட்ட ஃபாரங்கள்’ என்று இருக்கும். பக்கத்திலேயே ‘பேப்பர் ரீம்கள்’. இரண்டுமே மகரத்தில் முடியும் ஆங்கிலச் சொற்கள். ஒன்று மரம், மரங்கள் போல மாறிவிட்டது. மற்றது மாற மறுத்தது. ரீங்கள் என்று யாரும் சொன்னதில்லை.

கை பழகிய பிறகு இதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. ‘அம்’ என்று குறுகி முடியும் சொல்லை நம் காது மரம், பணம், குளம் வரிசையில் சேர்த்துவிடுகிறது. ஆல்பம் ஆல்பங்கள் ஆகிறது. உருது வழியாக வந்த ரகம், ரகங்கள் ஆகி, வேற்றூர்ச் சொல் என்ற அடையாளமே இல்லாமல் போய்விட்டது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய மத்திய அரசின் 1985ஆம் வருடச் சட்டத்தைப் பற்றிச் சங்கத்தில் நோட்டீஸ் அடித்தபோதெல்லாம் ‘ஒதுக்கப்பட்ட 11 ரகங்கள்’ என்றுதான் கோர்த்தேன். அதில் ஒரு நெருடலும் இல்லை. ஆனால் லூம், டீம், ரூம், ஃபிலிம் எல்லாம் அந்த வரிசையில் சேரவில்லை. பவர்லூம்கள்தான், பவர்லூங்கள் இல்லை.

லகரத்தில் இன்னும் வேடிக்கை. கல் கற்கள் ஆகும், சொல் சொற்கள் ஆகும், பல் பற்கள் ஆகும். ஆனால் பில் பில்களாகவே நின்றது. ஹோட்டல்கள், ஃபைல்கள், ஸ்டூல்கள் எல்லாம் அப்படியே. பழைய வீட்டு விதியைப் புதிதாக வந்தவர் மேல் திணிக்கவில்லை. நெட்டெழுத்தில் முடிந்தால் மட்டும் ஒற்று மிகும். பூக்கள் போல ஷூக்கள், விழாக்கள் போல கேமராக்கள். இதையெல்லாம் எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை. ஆனாலும் ஆரணியில் கேட்டாலும் மதுரையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

ஈய எழுத்துக் காலத்தில் கள் என்பது எங்களுக்குச் செலவுக் கணக்கும்கூட. சங்கத்து ஆண்டறிக்கை வந்தால் உறுப்பினர்கள், தறிகள், சேலைகள், கடன்கள், பங்குகள் என்று பக்கத்துக்குப் பக்கம் கள் வரும். இரண்டாவது பக்கம் முடிவதற்குள் கேஸில் ‘ள்’ அறை காலியாகிவிடும். அப்போது அதே பருமனுள்ள வேறொரு எழுத்தைத் தலைகீழாகச் செருகிவிட்டு மேலே கோர்த்துக்கொண்டே போவோம். முதல் பக்கம் அச்சாகி எழுத்து பிரிந்து வந்ததும் செருகியதை எடுத்துவிட்டு ‘ள்’ போடுவோம். மெஷினுக்குப் போகும் முன் ஒரு புரூஃப் எடுத்துப் பார்த்தால், பன்மை வரும் இடமெல்லாம் கறுப்புப் புள்ளியாக, அடிப்பக்கம் காட்டி நிற்கும் எழுத்துகள் தெரியும். எந்த அறிக்கை எவ்வளவு கள் குடிக்கும் என்பது அதைப் பார்த்தாலே புரிந்துவிடும். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று தமிழாசிரியர்கள் மல்லுக்கு நிற்பார்களே, அந்தப் பழைய கள்ளு ஜோக் எங்கள் அச்சகத்தில் வேறு அர்த்தத்தில் ஓடியது.

நெசவாளர் பாஸ் புத்தகம் அதற்கு நேர் எதிர். அதில் கள் என்பதே கிடையாது. பாவு, ஊடை, ஜரிகை, டிசைன், சேலை, கூலி என்று தலைப்பு போட்டுக் கோடு இழுத்தால் முடிந்தது. கீழே எண் மட்டும் விழும். முதன்முதலில் அதைக் கோர்த்தபோது, பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கத்தில் ‘டிசைன்கள்’ என்று தலைப்பு போடலாமா என்று எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன். ‘தம்பி, அந்த எடத்துல ஒரு நம்பரு விழப் போவுது. நம்பரு இருக்கச் சொல்லோ கள் எதுக்கு?’ என்றார். தொல்காப்பியமும் நன்னூலும் சொல்வதைத்தான் அவர் தன் பாஷையில் சொன்னார். அஃறிணைப் பெயருக்குக் கள் வரலாம், வராமலும் இருக்கலாம். மாடு வந்தது, மாடு வந்தன. ஒன்றா பலவா என்பதை வினையும் எண்ணும் சொல்லிவிடும். அயல் சொல்லும் தறிக்குழிக்குள் இறங்கிய உடனே இந்தப் பழைய வழக்கத்துக்கு வந்துவிடுகிறது.

பிரான்சில் 1804ல் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய கருவி அவர் பெயரோடு இங்கே வந்தது. இங்கே அது ஜக்காடு. ‘ரெண்டு ஜக்காடு போட்டிருக்கேன்’ என்பார் நெசவாளர். ஜக்காடுகள் என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பார்டர், டாபி, பீஸ் எல்லாமே அப்படித்தான். அந்தப் பொருளைத் தினமும் கையால் தொடுகிறவருக்குப் பன்மை விகுதி தேவைப்படுவதே இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் மார்க். பட்டு நெசவில் ஜரிகையை மார்க் கணக்கில்தான் வாங்குவார்கள். ஒரு மார்க் என்பது ஏறத்தாழ 242 கிராம். ஐரோப்பாவில் பொன்னும் வெள்ளியும் நிறுத்த பழைய எடை அளவு அது. எங்கெங்கோ சுற்றி ஜரிகையோடு நம் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒருமுறை ஜரிகை விலை ஏறியது பற்றிச் சங்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை. எழுதிக் கொடுத்த கணக்கர் ‘வழங்கப்படும் ஜரிகை மார்க்குகள்’ என்று எழுதியிருந்தார். புரூஃப் பார்க்க வந்த பெரியவர், தறியிலேயே வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: ‘இன்னாபா இது, மார்க்குகள்னா? பையன் பரீட்சையில வாங்கினாப்புல இருக்குது. ஜரிகை ஒரு மார்க்கு, ரெண்டு மார்க்கு. அவ்ளோதான்.’

கணக்கர் விடவில்லை. ‘அச்சுல வந்தா கள் இருக்கணும்ங்க ஐயா. ஆபீசுக்குப் போற காயிதம்.’ பெரியவர் யோசித்துவிட்டு, ‘ஆபீசுக்குப் போறதுல போட்டுக்கோ. எங்களுக்குக் குடுக்கறதுல எடுத்துடு’ என்றார். அப்படியே இரண்டு விதமாகக் கோர்த்தேன். விஷயம் ஒன்று, தேதி ஒன்று, பன்மை இரண்டு.

அவர் காதில் உறுத்தியது நியாயமானதுதான். பள்ளிக்கூடத்து மார்க்கும் ஜரிகை மார்க்கும் ஒலியில் ஒன்று. ஆனால் பள்ளி மார்க்குக்கு எல்லா வாலும் உண்டு. ‘எவ்ளோ மார்க்கு?’, ‘நல்ல மார்க்ஸ்’, ‘மார்க்குகள் குறைந்தன’. ஜரிகை மார்க்குக்கு ஒரு வாலும் கிடையாது. ‘ரெண்டு மார்க்ஸ் ஜரிகை’ என்று யாராவது கேட்டால் அவர் நெசவாளி இல்லை என்று கடையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி ஸ் பக்கம் வருகிறேன். தொண்ணூறுகளுக்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறின. பட்டு மாளிகையும் ஜவுளிக் கடையும் ‘சில்க்ஸ்’ ஆயின. ஒரு கடைக்குப் புது பில் புக் அடிக்க அப்பாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். அப்பாவுக்கு அந்த ஸ் மீது சந்தேகம். ‘ஒரே கடை, ஒரே பட்டு. இதுல ஸ் எங்கேர்ந்து வந்துச்சு?’ மகன் சிரித்தான். ‘நைனா, வெறும் சில்க்னு போர்டு வெச்சா ஜனங்களுக்குப் பட்டு ஞாபகம் வராது, சினிமாதான் ஞாபகம் வரும்.’ 1980ல் வண்டிச்சக்கரம் வந்த பிறகு அந்த ஒற்றைச் சொல் யாருக்குச் சொந்தமாகிவிட்டது என்பது அப்பாவுக்கும் தெரியும். மறுபேச்சு இல்லாமல் ‘சில்க்ஸ்’ என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆங்கிலத்தில் சில்க் என்பதே அரிசி, எண்ணெய் போல எண்ணிக்கைக்கு அடங்காத சொல். அதில் ஸ் சேர்ந்தால் பல வகைப் பட்டு என்று பொருள் வரும். கடைப் பலகையில் அந்த அர்த்தத்தை யாரும் பார்ப்பதில்லை. தியாகராய நகரில் 1928ல் தொடங்கிய நல்லி முதல் எத்தனையோ பெரிய கடைகளின் பெயரோடு சில்க்ஸ் சேர்ந்து ஒலித்து ஒலித்து, அது கடை என்ற அர்த்தத்துக்கு வந்துவிட்டது. டெக்ஸ்டைல்ஸ், ஸ்டோர்ஸ், டிரேடர்ஸ், பிரதர்ஸ் எல்லாம் அந்த வரிசைதான். போத்தீஸில் இருக்கும் ஸ் பன்மைகூட இல்லை, நிறுவனர் பெயரோடு ஒட்டிய உடைமைக் குறி. நம் காதுக்கு இரண்டும் ஒன்று. ஸ் என்றால் கடை. அதனால்தான் பிட் நோட்டீஸில் ‘ஆரணியின் முன்னணி சில்க்ஸ்களில் ஒன்று’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இங்கே சில்க்ஸ் ஒருமை, சில்க்ஸ்கள் பன்மை. நான் அதை வெட்டுவதில்லை. வெட்டி ‘சில்க்குகளில்’ என்று போட்டால் கடை போய்ப் புடவை வந்துவிடும்.

ஸ்ஸின் வேலை விற்பது. நோட்டீஸில் ‘லேட்டஸ்ட் டிசைன்ஸ், ஏராளமான கலர்ஸ், வெரைட்டீஸ்’ என்று வரும். அதே டிசைன் நெசவாளர் பாஸ் புத்தகத்தில் வெறும் டிசைன். சங்கத்து ஆண்டறிக்கையில் ‘புதிய டிசைன்கள்’. ஒரே வாரத்தில் மூன்று காகிதத்தையும் அச்சடித்த நாட்கள் உண்டு. நெய்கிறவருக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று, வாங்க வருகிறவருக்கு ஒன்று.

ஆங்கிலப் பன்மையை ஒருமையாக எடுத்துக்கொள்வது பட்டுக் கடையோடு நிற்பதில்லை. சிப்ஸ், சாக்ஸ், ஜீன்ஸ் வந்த காலத்திலிருந்தே நடக்கிறது. ஒரு சாக்ஸைக் காணோம் என்றுதான் நாம் தேடுகிறோம். நோட்டும் நோட்ஸும் இரண்டு தனிச் சொற்களாகவே பிரிந்துவிட்டன. நோட் என்றால் எழுதும் ஏடு, நோட்ஸ் என்றால் படிக்கும் குறிப்பு. பத்து நோட் வாங்கலாம், ஒரு நோட்ஸ் வாங்கலாம். இப்போது பிள்ளைகள் ‘நான் ஒரு 90ஸ் கிட்ஸ்’ என்கிறார்கள். ஆங்கில ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை, காரணம் எங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறது.

ஆற்காடு இங்கிருந்து தூரமில்லை. நவாப் என்ற சொல்லே அரபியில் பன்மை. நாயிப் என்றால் பிரதிநிதி. அதன் பன்மையான நுவ்வாப் என்பதை மரியாதைக்காக ஒருவருக்கே சூட்டி, அது நவாப் ஆனது. நாம் அதை ஒருமையாக எடுத்து நவாப்புகள் என்று புதிதாகப் பன்மை செய்தோம். உலமா என்பதும் ஆலிம் என்பதன் பன்மைதான். பள்ளிவாசல் நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் ‘உலமாக்கள் கலந்து கொள்கிறார்கள்’ என்றே எழுதித் தருவார்கள். பைபிளில் வரும் கேருபீன்கள் எபிரேயப் பன்மைக்கு மேல் தமிழ்ப் பன்மை ஏறிய சொல். ஆங்கிலத்தின் பழைய கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இதே கதை, கெருபிம் என்பதோடு ஒரு ஸ் சேர்த்திருக்கிறார்கள். பிறகு வந்த தமிழ் பைபிள் பொது மொழிபெயர்ப்பு கெருபுகள் என்று வேரிலிருந்து எடுத்தது. எங்கள் ஊர்த் திருவிழா மலரில் இரண்டுமே வரும். எழுதிக் கொடுப்பவர் எந்தப் பைபிளில் வளர்ந்தவர் என்பது அதிலேயே தெரியும்.

பன்மை மேல் பன்மை ஏறுவது தமிழுக்குப் புதிதும் அல்ல. அவர் என்பதே பலர்பால். அதன் மேல் கள் ஏறி அவர்கள் ஆயிற்று. திருக்குறளிலேயே பூரியர்கள் என்று வருகிறது. எங்கள் சங்கத்து மீட்டிங்கில் ‘மெம்பர்ஸுங்க எல்லாம் வந்துட்டாங்களா?’ என்று கேட்கும் நெசவாளர், மெம்பர் என்ற ஆங்கிலச் சொல், ஸ் என்ற ஆங்கிலப் பன்மை, உங்க என்று இழுக்கும் நம் பேச்சுப் பன்மை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். அறிக்கையில் நான் ‘உறுப்பினர்கள்’ என்று போட்டால், அர், கள் என்று அங்கேயும் இரண்டு பன்மை.

மனிதரைக் குறிக்கும் சொல் வந்தால் இன்னொரு கணக்கு குறுக்கே வரும். மரியாதை. பொருளுக்குக் கள் விட்டால் யாரும் கோபப்படமாட்டார்கள். ஆளுக்கு விட்டால் படுவார்கள். போலீஸ் என்பதற்குப் போலீஸ்கள் வரவில்லை, ‘ஆர்’ ஏற்றிப் போலீசார் என்றோம். போர்த்துக்கீசியப் பாத்ரே பாதிரி ஆகி, பாதிரியார் ஆகி, கூட்டமாக வந்தால் பாதிரிமார், பாதிரியார்கள். சேத்துப்பட்டில் லூர்து அன்னை ஆலயத்தை எழுப்பிய பிரெஞ்சுக்காரரை இன்றைக்கும் தாராஸ் அடிகளார் என்றுதான் அழைப்பிதழில் போடுவோம். ஆஸ்பத்திரிக் கன்னியரைப் பேச்சில் ‘சிஸ்டருங்க’ என்போம், அழைப்பிதழில் ‘அருட்சகோதரிகள்’. இலங்கைத் தமிழர்கள் இந்த இடத்தில் வேறு வழி போனார்கள். அங்கே டொக்டர்மார், ரீச்சர்மார். மலையாளத்திலும் டாக்டர்மார்தான். நம் பக்கம் அண்ணன்மார், தாய்மார் என்று உறவோடு நின்றுவிட்ட விகுதி அங்கே ஆங்கில உத்தியோகத்துக்கும் ஏறியது. ஒரே தமிழ், ஒரே ஆங்கிலச் சொல், ஊர் மாறினால் பன்மை மாறுகிறது.

கடல் தாண்டினால் இதைவிடப் பெரிய கதைகள். அரபியின் கிதாப், அதாவது புத்தகம், கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக்குப் போய் கிதாபு ஆனது. அந்த மொழியில் ‘கி’ என்று தொடங்கும் பெயர்கள் பன்மையில் ‘வி’ என்று தொடங்கும். அதனால் பல புத்தகங்கள் விதாபு. அரபிக்காரர் தன் சொல்லை அங்கே அடையாளம் காண்பதே கஷ்டம். நம் கட்டுமரமும் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆகி, ஒரு ஸ் வாங்கிக்கொண்டு கேட்டமரான்ஸ் என்று உலகம் சுற்றுகிறது. கட்டுமரங்கள் என்று நாம் சொல்வதை அங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சொல்லைக் கொடுத்தவருக்கு அதன் பன்மை மேல் உரிமை கிடையாது.

டிடிபி வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல். கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு மொழிக்கும் பன்மை வடிவம் எத்தனை என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். அரபிக்கு ஆறு, ஜப்பானிய மொழிக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு. ஒன்று என்றால் ‘கோப்பு’, மற்ற எந்த எண்ணுக்கும் ‘கோப்புகள்’. அதனால் என் திரையில் ‘5 கோப்புகள்’ என்று விழுகிறது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண் ‘சார், அஞ்சு ஃபைல் காப்பி ஆயிடுச்சு’ என்கிறாள். மேஸ்திரி சொன்ன நம்பர் விதி அவளிடம் இருக்கிறது, மெஷினிடம் இல்லை. மவுஸுக்கும் மவுஸ்கள்தான், எலிக்கு ஆங்கிலத்தில் வரும் மைஸ் எங்கள் கடைவாசலுக்கே வரவில்லை.

போன தீபாவளிக்கு ஒரு பட்டுக் கடைக்காரர் நோட்டீஸ் கொடுத்தார். ‘எங்கள் ரீல்ஸ்களைப் பார்த்து ஆர்டர் செய்யுங்கள்.’ என்னிடம் வேலை செய்யும் பெண், ‘ரீல்ஸே பன்மைதானே சார், கள் எடுத்துடட்டுமா?’ என்று கேட்டாள். கடைக்காரரின் தறிக்கூடத்தில் நூல் சுற்றும் ரீல் வேறு இருக்கிறது. அங்கே நாலு ரீல், பத்து ரீல், ஸ்ஸும் இல்லை, கள்ளும் இல்லை. செல்போனில் போடுவது ரீல்ஸ், ஒன்று போட்டாலும் ஒரு ரீல்ஸ். இரண்டும் இரண்டு சொல். நோட்டும் நோட்ஸும் போல இதுவும் பிரிந்துவிட்டது. ‘அப்படியே இருக்கட்டும்மா’ என்றேன். நோட்டீஸ் அச்சாகிப் போயிற்று. கடைக்காரர் பணம் கொடுக்க வந்தபோது நோட்டீஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பொங்கலுக்கும் அதையே அடிக்கச் சொன்னார். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய இலக்கணச் சான்றிதழ் கிடையாது.